கடிதம் போய்ச் சேர்ந்ததா?



இம்மாதம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியவனாக உங்கள் முன் நிற்கிறேன். குற்றம் என் மாணவர்களுடையது அன்று, என்னுடையது. அதைச் சொல்லும்போதே, கணினி வழியாக ஒரு கடிதம் எப்படிப் போகிறது என்பதையும் சொல்லிவிடலாம் என்று எண்ணுகிறேன்.

"நமக்கும் கணினிக்கும் என்ன சம்பந்தம், வாத்தியாரே?" என்று கேட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பள்ளியிலிருந்தும் வங்கியிலிருந்தும் அரசாங்க அலுவலகங்களிலிருந்தும் உங்கள் கைத்தொலைபேசிக்கு வரும் மின்னஞ்சல்களில் பலவற்றை எந்த மனிதரும் உட்கார்ந்து அனுப்புவதில்லை. ஒரு கணினி நிரல், அதாவது பிள்ளைகள் 'புரோகிராம்' என்று சொல்லும் பொருள்தான் அனுப்புகிறது. அது அனுப்பும் கடிதத்தில் உங்கள் பிள்ளையின் மேற்படிப்பும் இருக்கலாம். உங்கள் வீட்டுக்கு வரவேண்டிய உதவிப் பணமும் இருக்கலாம். ஆகவே, சற்றுப் பொறுமையுடன் கேளுங்கள்.

நடந்தது இதுதான்

எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் நல்லவர்கள் சிலரிடம் பணம் திரட்டியது. பட்டணத்து இடைநிலைப் பள்ளிக்குப் போகும் தோட்டத்துப் பிள்ளைகளின் பஸ் கட்டணத்தில் பாதியைச் சங்கம் ஏற்றுக்கொள்வது என்று முடிவாயிற்று. மனுப் பாரத்தை ஒரு குறிப்பிட்ட வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்துவிட வேண்டும். அறிவிப்பை 63 குடும்பங்களுக்கும் மின்னஞ்சலில் அனுப்பினோம்.

அனுப்பியது நானும் அல்ல, தலைமையாசிரியரும் அல்ல. எங்கள் பள்ளியில் படித்து, இப்போது பாலிடெக்னிக்கில் கணினி படிக்கும் பையன் ஒருவன் எழுதித் தந்த நிரல் அனுப்பியது. திரையில் 63 வரிகள் மளமளவென்று ஓடின. ஒவ்வொரு வரியின் முடிவிலும் 'அனுப்பப்பட்டது' என்று இருந்தது. தேநீர் குடித்துக்கொண்டே அதைப் பார்த்து நான் மகிழ்ந்துபோனேன். வீடு வீடாகச் சீட்டுக் கொடுத்தனுப்பிய காலம் போய்விட்டதே என்று பெருமையாகக்கூட இருந்தது.

கெடு முடிந்து, அடுத்த திங்கட்கிழமை காலையில் ஒரு தாய் பள்ளிக்கு வந்தார். அவருடைய கணவர் செம்பனைக் குலை வெட்டுபவர். மகள் அந்த ஆண்டுதான் பட்டணத்துப் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தாள்.

"எல்லா வீட்டுக்கும் லெட்டர் வந்திருக்கு சார். எங்க வீட்டுக்கு மட்டும் வரல. நாங்க என்ன சார் தப்பு பண்ணோம்?" என்று கேட்டார்.

"உங்களுக்கும் அனுப்பியிருக்கோம் அம்மா. இதோ பாருங்க" என்று நான் திரையைக் காட்டினேன். அவர் பெயருக்கு நேராக 'அனுப்பப்பட்டது' என்று இருந்தது. அவர் நிதானமாகப் படித்துப் பார்த்தார். பிறகு தம் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார். அதில் எங்கள் கடிதம் இல்லை.

"அதுல போயிருக்குன்னு இருக்கு. இதுல வரலைன்னு இருக்கு. எது சார் நிஜம்?"

என்னிடம் பதில் இல்லை. பணம் அதற்குள் பங்கிடப்பட்டுவிட்டது. அடுத்த முறை அவருக்கு முதலிடம் தருவதாகச் சங்கத்தார் சொன்னார்கள். சொன்னபடி செய்யவும் செய்தார்கள். ஆனால் முதல் மூன்று மாதம் அந்த வீட்டில் முழுக் கட்டணத்தையும் தகப்பனார் தம் சம்பளத்திலிருந்தே கட்டினார். அந்த மூன்று மாதத்தை யாராலும் திருப்பித் தர முடியாது.

அன்று மாலை அந்தப் பையனை வரச் சொன்னேன். இருவரும் உட்கார்ந்து ஆராய்ந்தோம். அந்தத் தாயின் கேள்விக்கு விடை கிடைத்தது. இரண்டுமே நிஜம்! அது எப்படி என்று சொல்கிறேன்.

தோட்டத்து ஆபீஸ் தபால்

நான் சிறுவனாக இருந்த 1980களில் எங்கள் லயத்துக்குத் தபால்காரர் வந்ததில்லை. கடிதங்கள் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். கிராணி பெயர் சொல்லிக் கூப்பிடுவார், போய் வாங்கிக்கொள்வோம். நாங்கள் அனுப்பும் கடிதமும் அப்படியேதான். பால்மரம் வெட்டிய என் அப்பா, தமிழ்நாட்டிலிருந்த பெரியப்பாவுக்கு எழுதிய கடிதத்தை ஆபீசில் கொடுப்பார். கிராணி அதை வாங்கிப் பையில் போடுவார். பை பட்டணத்துத் தபால் நிலையத்துக்குப் போகும். அங்கிருந்து அது எத்தனை ஊர், எத்தனை கை மாறியதோ, அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. அவர் காலையில் மரம் வெட்டப் போயாக வேண்டும். கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கப்பலேற முடியாது.

கணினி நிரலுக்கும் இதே நிலைதான். அதற்கென்று வேறு வேலை இருக்கிறது. பெயர்ப்பட்டியலைப் படிப்பது, கடிதத்தை எழுதுவது, கணக்கு வைப்பது ஆகியவையே அதன் வேலை. கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு என்றே வேறொரு நிரல் உண்டு. அதற்கு 'மெயில் டிரான்ஸ்ஃபர் ஏஜெண்ட்' என்று பெயர்; சுருக்கமாக எம்.டி.ஏ. என்பார்கள். நாம் அதை அஞ்சல் முகவர் என்று வைத்துக்கொள்வோம்.

இந்தப் பிரிவினை இன்று நேற்று வந்ததன்று. 1971இல் அமெரிக்காவில் ரே டாம்லின்சன் என்பவர் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு முதன்முதலாகக் கடிதம் அனுப்பினார். பெயரையும் கணினியையும் பிரிப்பதற்கு '@' என்னும் குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. 1980களின் தொடக்கத்தில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் என்பவர் 'சென்ட்மெயில்' என்னும் அஞ்சல் முகவரை எழுதினார். யூனிக்ஸ் கணினிகளில் எந்த நிரலுக்குக் கடிதம் அனுப்ப வேண்டியிருந்தாலும் சென்ட்மெயிலைக் கூப்பிட்டு அதனிடம் கொடுத்துவிடும் வழக்கம் வேரூன்றியது. பின்னாளில் 1995இல் கேம்பிரிட்ஜில் ஃபிலிப் ஹேசல் 'எக்சிம்' எழுதினார். 1998இல் வீட்ஸ வெனிமா எழுதிய 'போஸ்ட்ஃபிக்ஸ்' வெளிவந்தது. இவை இரண்டும் வேறு முகவர்கள்தான். ஆயினும் பழைய நிரல்கள் தடுமாறக் கூடாது என்பதற்காகச் 'சென்ட்மெயில்' என்ற பெயரிலேயே கூப்பிட்டாலும் இவை 'ஏன்' என்று கேட்கும். ஊரில் தண்டல் மாறினாலும் 'தண்டலய்யா' என்ற அழைப்பு மாறாததைப் போல!

இரு இயந்திரங்களின் பேச்சு

எங்கள் பையன் முதலில் தன் வீட்டுக் கணினியிலிருந்தே, முகவர் யாருமில்லாமல், நேராக ஒவ்வொருவருடைய அஞ்சல் நிலையத்துக்கும் கடிதத்தைக் கொண்டுபோகப் பார்த்தான். முடியவில்லை. அஞ்சல் முகவர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வாசலுக்கு 25ஆம் எண் வாசல் என்று பெயர். வீட்டு இணைப்புகளுக்கு அந்த வாசலைப் பல இணைய நிறுவனங்கள் அடைத்தே வைத்திருக்கின்றன.

ஏன் அடைத்தார்கள்? 1990களில் அஞ்சல் முகவர்கள் யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்த்தன. அந்த நல்ல குணத்தை விளம்பரக்காரர்களும் ஏமாற்றுக்காரர்களும் பயன்படுத்திக்கொண்டு குப்பைக் கடிதங்களைக் கொட்டினார்கள். அதன் பிறகுதான் 'தெரியாதவனிடம் வாங்காதே' என்ற கட்டுப்பாடு வந்தது. கடிதத்தை முதன்முதலாக ஒப்படைக்க வருபவர்களுக்கென்று 1998இல் 587 என்ற தனி வாசல் வகுக்கப்பட்டது. அங்கே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால்தான் கடிதத்தை வாங்குவார்கள்.

ஆகவே பையன் வெளியிலுள்ள ஓர் அஞ்சல் முகவரிடம் பள்ளியின் பெயரில் கணக்குத் திறந்தான். அவனுடைய நிரல் 587ஆம் வாசலுக்குப் போய், பேச்சைப் பிறர் ஒட்டுக்கேட்க முடியாதபடி மறைத்துக்கொண்டு, கடவுச்சொல்லைக் காட்டிக் கடிதத்தை ஒப்படைத்தது. அந்த ஒப்படைப்பு எப்படி நடக்கிறது தெரியுமா? நம் ஊர்ப் பேச்சைப் போலவேதான் நடக்கிறது.

முகவர் முதலில் "220" என்கிறது. 'வாருங்கள், தயாராக இருக்கிறேன்' என்று பொருள். நிரல் தன் பெயரைச் சொல்லி வணக்கம் வைக்கிறது. பிறகு 'இக்கடிதம் இன்னாரிடமிருந்து' என்று அனுப்புநர் முகவரியைச் சொல்கிறது. முகவர் "250" என்கிறது. 'சரி' என்று பொருள். 'இன்னாருக்கு' என்று பெறுநர் முகவரியைச் சொல்கிறது. மீண்டும் "250". 'இதோ கடிதம் தருகிறேன்' என்கிறது. முகவர் "354" என்கிறது. 'கொடுங்கள், முடிந்ததும் ஒரு வரியில் ஒரு புள்ளி மட்டும் வையுங்கள்' என்று பொருள். நிரல் கடிதம் முழுவதையும் ஒப்பித்து, கடைசியில் தனிவரியில் ஒரு புள்ளி வைக்கிறது. முகவர் "250" என்கிறது. அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

இந்த முறையை 1982இல் ஜான் போஸ்டல் என்பவர் விதியாக எழுதி வெளியிட்டார். நாற்பது ஆண்டுக்கு மேலாகியும் அடிப்படை மாறவில்லை.

இப்போது கூர்ந்து கவனியுங்கள். அந்தக் கடைசி "250" வந்ததும்தான் எங்கள் நிரல் 'அனுப்பப்பட்டது' என்று எழுதியது. அந்த "250" சொல்வது என்ன? 'வாங்கிக்கொண்டேன். இனி இது என் பொறுப்பு' என்பது மட்டுமே. கிராணி கடிதத்தை வாங்கிப் பையில் போட்டுவிட்டார், அவ்வளவே. பெரியப்பா கைக்குப் போயிற்று என்று அதற்குப் பொருளில்லை. நான்தான் அப்படிப் பொருள் கொண்டேன்.

பொறுப்பு என்றால் என்ன?

'என் பொறுப்பு' என்பது வெறும் பேச்சன்று. அஞ்சல் விதி அதைத் தெளிவாகச் சொல்கிறது. கடிதத்தை வாங்கிக்கொண்ட முகவர் ஒன்று அதைச் சேர்த்தாக வேண்டும். அல்லது 'சேர்க்க முடியவில்லை' என்று அனுப்பியவருக்குத் தெரிவிக்க வேண்டும். சும்மா தொலைத்துவிடக் கூடாது.

முகவர் பெறுநரின் அஞ்சல் நிலையத்தைத் தேடிப்போய், அதே பேச்சை அங்கே நடத்துகிறது. அந்தப் பக்கத்திலிருந்து வரும் எண்ணின் முதல் இலக்கத்தைப் பார்த்தாலே நிலைமை புரிந்துவிடும். 2இல் தொடங்கினால் சரி. 4இல் தொடங்கினால் 'இப்போது முடியாது, பிறகு வா' என்று பொருள். பெட்டி நிறைந்திருக்கலாம், அந்தப் பக்கத்துக் கணினி ஓய்வில் இருக்கலாம். 5இல் தொடங்கினால் 'முடியாது, வராதே' என்று பொருள். '550' என்பது அவ்வகை. அப்படி ஒருவர் இங்கே இல்லை என்பதற்கு வழக்கமாக வரும் விடை அதுதான்.

'பிறகு வா' என்றால் முகவர் கடிதத்தை வரிசையில் வைத்துக்கொண்டு, விட்டுவிட்டு முயலும். ஒரு முயற்சிக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது 30 நிமிடமாவது விடச் சொல்கிறது 2008இல் திருத்தி எழுதப்பட்ட விதி. நான்கைந்து நாளாவது முயன்று பார்த்த பிறகே கைவிட வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஒரு சிறு நிரல் ஐந்து நாள் விழித்துக்கொண்டு காத்திருக்குமா? இதற்காகத்தான் முகவரிடம் ஒப்படைப்பது.

'வராதே' என்று சொல்லிவிட்டாலோ, ஐந்து நாளும் கடந்துவிட்டாலோ, முகவர் ஒரு கடிதம் எழுதி அனுப்புநருக்குத் திருப்பி அனுப்புகிறது. எந்த முகவரிக்குத் திருப்பும்? ஒப்படைக்கும்போது 'இன்னாரிடமிருந்து' என்று நாம் சொன்னோமே, அந்த முகவரிக்கு.

என் குற்றம் இங்கேதான் இருக்கிறது.

பையன் நிரலை எழுதும்போது என்னைக் கேட்டான்: "சார், அனுப்புநர் முகவரி எதைப் போடட்டும்? உங்க முகவரியைப் போடலாமா?"

நான் சொன்னேன்: "வேண்டாம் தம்பி. 63 வீடும் எனக்குப் பதில் எழுத ஆரம்பித்தால் நான் பாடம் நடத்துவதா, பதில் எழுதுவதா? பதில் வராதபடி ஏதாவது ஒன்றைப் போடு."

பையன் வாத்தியார் சொல்லைத் தட்டவில்லை. 'பதில் வேண்டாம்' என்ற பொருளில் ஒரு பெயரைப் பள்ளி முகவரியில் போட்டான். அப்படி ஒரு பெட்டியே இல்லை. சேராத கடிதங்களை முகவர் ஒழுங்காகத் திருப்பித்தான் அனுப்பியது. இல்லாத பெட்டிக்குப் போன அவை அங்கேயே மறைந்தன. திருப்பி வரும் கடிதத்துக்கு அனுப்புநர் இடம் காலியாகவே இருக்க வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால் இரண்டு இயந்திரங்கள் 'சேரவில்லை, சேரவில்லை' என்று ஒன்றுக்கொன்று முடிவில்லாமல் திருப்பிக்கொண்டே இருக்கும். ஆகவே அந்த அறிவிப்பும் சேராதபோது அதைச் சொல்வதற்கு யாருமில்லை.

என் அப்பா மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர். ஆனால் உறையின் பின்புறத்தில் தோட்டத்தின் பெயரையும் தம் பெயரையும் எழுதாமல் ஒரு கடிதத்தையும் அவர் ஒட்ட விட்டதில்லை. "சேரலைன்னா திரும்பி வரணும்ல" என்பார். ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருக்கும் மகனுக்கு அது மறந்துபோயிற்று.

திரும்பி வந்த ஒன்பது

மறுநாள் அனுப்புநர் முகவரியாக நான் தினமும் திறந்து பார்க்கும் பெட்டியைக் கொடுத்து, 63 பேருக்கும் ஒரு சிறு சோதனைக் கடிதம் அனுப்பினோம். ஒரு மணி நேரத்துக்குள் ஐந்து கடிதங்கள் '550' என்று திரும்பி வந்தன. பெற்றோர் கையால் எழுதிக் கொடுத்த முகவரிகளைத் தட்டச்சு செய்தவன் நானே. ஓரிடத்தில் 'என்' என்பதை 'எம்' என்று படித்திருந்தேன். அந்தத் தாயின் முகவரியில் இருந்த ஆங்கில எழுத்து 'எல்'லை, எண் 1 என்று அடித்திருந்தேன். பிழை அவர் கையில் இல்லை. என் கண்ணில் இருந்தது.

இன்னும் இரண்டு கடிதங்கள் சில நாள் கழித்து, 'பெட்டி நிறைந்திருக்கிறது' என்ற குறிப்போடு திரும்பின. மேலும் இருவர், "வந்திருக்கு சார், ஆனா குப்பைப் பெட்டிக்குள்ள கிடந்துச்சு" என்றார்கள். ஆக ஒன்பது வீடுகள். 'அனுப்பப்பட்டது' என்று 63 முறை காட்டிய திரைக்கு இந்த ஒன்பதும் தெரியாது.

குப்பைப் பெட்டிக்குப் போனதற்கும் காரணம் இருந்தது. உறையின்மேல் எழுதும் அனுப்புநர் பெயர் வேறு, கடிதத்துக்குள் எழுதும் பெயர் வேறு. கடிதத்துக்குள் யாரும் எவர் பெயரையும் எழுதிவிடலாம். ஆகவே ஒவ்வொரு நிறுவனமும் 'என் பெயரில் கடிதம் கொண்டுவரக்கூடிய கணினிகள் இவை' என்று இணையத்தில் ஒரு பட்டியல் வெளியிட வேண்டும், அதற்கு எஸ்.பி.எஃப். என்று பெயர். கடிதத்தின்மேல் முத்திரை போல் ஒரு மின் கையொப்பமும் இடலாம், அது டி.கே.ஐ.எம். கடிதத்துக்குள் உள்ள பெயரோடு இவை பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று அறிவிப்பது டிமார்க். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இவற்றைக் கண்டிப்பாகக் கேட்கத் தொடங்கின. ஜிமெயில் பெட்டிகளுக்கு நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் வேண்டும். நம்மைப் போன்ற சிறியவர்களுக்கும் முதல் இரண்டில் ஒன்றாவது வேண்டும். நாங்கள் முகவரை மாற்றினோமே தவிர, அதன் பெயரைப் பள்ளியின் பட்டியலில் சேர்க்கவில்லை. 'இவர் யார், பள்ளிப் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறாரே' என்று சந்தேகித்துச் சில பெட்டிகள் ஒதுக்கிவிட்டன. நியாயம்தான்.

நிரல் எழுதும் பிள்ளைகளுக்கு

தம்பி தங்கைகளே, தோட்டத்திலிருந்து கணினி படிக்கப் போயிருக்கும் நீங்கள் இன்று பலராக இருக்கிறீர்கள். உங்களிடம் யாராவது 'ஒரு நிரல் எழுதிக் கொடு' என்று கேட்டால் இவற்றை நினைவில் வையுங்கள்.

கடிதத்தை நீங்களே சுமக்காதீர்கள். நல்ல முகவரிடம் ஒப்படையுங்கள். ஆனால் ஒப்படைத்ததைச் 'சேர்ந்தது' என்று எழுதாதீர்கள். 'முகவர் பெற்றுக்கொண்டது' என்று எழுதுங்கள். ஒரே சொல்தான் வித்தியாசம். ஆனால் அதைப் படிப்பவர் ஏமாற மாட்டார்.

அனுப்புநர் முகவரியாக உண்மையான பெட்டியைப் போடுங்கள். அதைத் திறந்து பார்க்க ஒருவரை நியமியுங்கள். திரும்பி வந்த முகவரிக்கே திரும்பத் திரும்ப அனுப்பாதீர்கள். அப்படி அனுப்பினால் உங்கள் பெயர் கெடும், மற்ற கடிதங்களும் குப்பைக்குப் போகும்.

கடைசிப் புள்ளியை வைத்த பிறகு, "250" வருவதற்குள் இணைப்பு அறுந்துவிட்டால், முகவர் வாங்கிக்கொண்டதா இல்லையா என்று நிரலுக்குத் தெரியாது. மறுபடி அனுப்பினால் இரண்டு கடிதம் போய்ச் சேரலாம். அறிவிப்பு இரண்டு முறை வந்தால் குற்றமில்லை, வராமற்போவதுதான் குற்றம். ஆனால் பணம் கேட்கும் கடிதமாக இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள்.

கடவுச்சொல்லை நிரலுக்குள்ளேயே எழுதி வைக்காதீர்கள். நிரலைப் பிறரிடம் கொடுக்கும்போது கடவுச்சொல்லையும் சேர்த்துக் கொடுத்தவர்கள் ஆவீர்கள். 2022 மே 30 முதல் கூகுள் தன் சொந்தக் கணக்குகளில், வெறும் பெயரும் வழக்கமான கடவுச்சொல்லும் கேட்கும் நிரல்களை அனுமதிப்பதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

தமிழில் எழுதத் தயங்காதீர்கள். பழைய அஞ்சல் விதி ஆங்கில எழுத்துகளை மட்டுமே மனத்தில் வைத்து எழுதப்பட்டது. 1992இல் நதானியல் போரன்ஸ்டீனும் நெட் ஃப்ரீடும் வகுத்த 'மைம்' முறைக்குப் பிறகு எந்த மொழியும் படமும் ஒலியும் கடிதத்தில் போகலாம். ஆனால் கடிதம் எந்த எழுத்து முறையில் இருக்கிறது என்று நீங்கள் சொல்ல வேண்டும். தலைப்பு வரிக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மறந்தால் தமிழ் கேள்விக்குறிகளாகவும் கிறுக்கல்களாகவும் போய்ச் சேரும். எங்கள் பையனின் முதல் கடிதம் அப்படித்தான் வந்தது. அதைப் பார்த்து ஒரு பாட்டி, "இது என்ன சாமி மந்திரமா?" என்று கேட்டார்!

பெற்றோர்களுக்கு

அம்மா, ஐயா, உங்களுக்கும் சில சொற்கள்.

முகவரியை எழுதிக் கொடுக்கும்போது தெளிவாக எழுதுங்கள். எண்ணையும் எழுத்தையும் வேறுபடுத்திக் காட்டுங்கள். முடிந்தால் அந்த இடத்திலேயே ஒரு சோதனைக் கடிதம் அனுப்பச் சொல்லி, வந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். வாரம் ஒருமுறை குப்பைப் பெட்டியையும் எட்டிப் பாருங்கள். பெட்டி நிறைந்து வழியாமல், பழைய படங்களையும் வேண்டாதவற்றையும் நீக்கிவிடுங்கள்.

கடிதத்தில் உள்ள பெயரைப் பார்த்த மாத்திரத்தில் நம்பிவிடாதீர்கள். வங்கியின் பெயரில் வந்தாலும், பள்ளியின் பெயரில் வந்தாலும், கடவுச்சொல்லோ பணமோ கேட்டால், நேரில் போய்க் கேட்டுவிட்டு மறுவேலை பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, 'எங்களுக்கு வரவில்லை' என்று வாய் திறந்து சொல்லுங்கள். 'அனுப்பிவிட்டோம்' என்று அலுவலகத்தார் திரையைக் காட்டினால் தலைகுனிந்து திரும்பிவிடாதீர்கள். அந்தத் தாயைப் போல உங்கள் கைத்தொலைபேசியை எடுத்துக் காட்டி, "எது நிஜம்?" என்று கேளுங்கள். அவர் அன்று கேட்காமல் போயிருந்தால் மற்ற எட்டு வீடுகளும் எங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும். தம் வீட்டுக்குக் கிடைக்காத உதவியை அடுத்த முறை எட்டு வீடுகளுக்குக் கிடைக்கச் செய்தவர் அவரே.

இப்போது எங்கள் பள்ளி அறிவிப்புகள் என் பெயரிலேயே போகின்றன. பதில்களும் வருகின்றன. சிலர் நன்றி எழுதுகிறார்கள். சிலர் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எழுதுகிறார்கள். ஒருவர் பள்ளிக் கழிவறைக் குழாய் ஒழுகுகிறது என்று மூன்று முறை எழுதிவிட்டார். பயந்த அளவுக்குப் பாரமாக இல்லை. திரும்பி வரும் கடிதங்களுக்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் நேராக அந்த வீட்டுக்குச் சீட்டு எழுதி, பிள்ளையின் கையில் கொடுத்தனுப்புகிறேன். சீட்டு போய்ச் சேர்ந்ததா என்று மறுநாள் பிள்ளையைக் கேட்கவும் தவறுவதில்லை.